முதுகு வெளியே

பீரோ சாவி தொலைந்து நாலு வருஷம்.
கைப்பிடியை இழுத்தால் போதும், திறந்துகொள்ளும்.
கொஞ்சம் முனகும், அவ்வளவுதான்.
அதனால்தான் ஒழுங்காக மடித்து வைக்கிறேன்.

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி.
மணலிப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாளில்
நான் விரிப்புத் துவைப்பதே இல்லை.
மற்ற நாளில் மொட்டைமாடி.
கொடியில் இடம் பிடிக்க ஆறு மணிக்கே ஏற வேண்டும்.
எடுக்கும்போது மூன்று உதறல்.
உதறாவிட்டால் கன்டெய்னர் லாரிப் புழுதியும்
சேர்ந்து மடிந்து பீரோவுக்குள் வந்துவிடும்.

டபுள் விரிப்பை மடிக்க ரெண்டு ஆள் வேணும்.
எனக்கு ஆள் கிடையாது.
ரெண்டு முனை விரலில், நடு தாடையில்.
தாடைதான் என் மூணாவது கை.
அது கொஞ்சம் இடப்பக்கம் சாயும்;
என் மடிப்பு எப்போதும் ஒரு விரற்கடை கோணும்.

ஓரமெல்லாம் எலாஸ்டிக் தைத்த ஒன்றை
நாத்தனார் கொடுத்தாள்.
மூலையே இல்லாத துணியை என்ன செய்வது?
சுருட்டி, அதன் தலையணை உறைக்குள்ளேயே திணித்து
உறையின் வாயை மடக்கிவிட்டேன்.
இப்போது அது தலையணை மாதிரியே உட்கார்ந்திருக்கிறது.

மேல்தட்டில் கீழிருந்து மூணாவது, நீலக் கட்டம் போட்ட போர்வை.
மற்ற எல்லாவற்றுக்கும் முதுகு வெளியே.
இதற்கு மட்டும் வாய் வெளியே.
பார்க்கிறவர்களுக்கு அவசரத்தில் வைத்தது போல இருக்கும்.
எனக்கு அது பூட்டு.

நடுமடிப்பில்
ரேஷன் கார்டு ஜெராக்ஸ்,
சீட்டுப் பணம் ஆறாயிரம்,
ஓர் அடகு ரசீது.
ரசீதில் இருப்பது என் பெயர்.
கடையில் இருப்பது டயானாவின் ஜிமிக்கி.
லோடு ஆட்டோவுக்கு மூணு மாத டியூ,
சேவியர் தலையில் கைவைத்து உட்கார்ந்த ராத்திரி அது.
“எண்ணூர் அத்தை லாக்கர்ல பத்திரமா இருக்கு” என்று
அவளிடம் சொல்லியிருந்தேன்.
பத்திரமாக என்பது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்தால்
நீலக் கட்டத்துக்கு முதுகு வெளியே.

பணத்தை எண்ணினேன். பன்னிரண்டு தாள்.
மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.
ரசீது அதே இடத்தில்.

சேவியர் இல்லை.
அவர் ஒரு துண்டு எடுக்கப் போனாலே
தட்டு முழுக்கச் சரிந்து தரையில் கிடக்கும்.
இந்தப் போர்வையோ
ஓரத்தோடு ஓரம், நூல் பிசகாமல்,
உள்ளங்கையால் ஒரு தரம் நீவிய மடிப்பு.
என்னுடையதைவிட நன்றாக இருந்தது.
திருட வந்தவர் யாரும் இப்படித் திருத்திவிட்டுப் போவதில்லை.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடையில் டயானாவுக்கு ரெண்டு வருஷம்.
எண்பது புடவை விரித்துக் காட்டி ஒன்றை விற்று
எழுபத்தொன்பதை மடிக்கிறவள்.
வீட்டில் தன் போர்வையைக்கூடத் தொடமாட்டாள்.
கேட்டால்,
“சம்பளம் இல்லாம மடிக்க மாட்டேம்மா.”

கோணலாக ஒன்று இருப்பதைக் கண்டதும்
கை தானாகச் சரிசெய்திருக்கும், பாவம்.
அந்தப் பிசகுதான் பூட்டு என்று
அவளுக்கு எப்படித் தெரியும்?

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு வந்தாள்.
வீங்கிய காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு
“கருவாட்டுக் கொழம்பு மிச்சம் இருக்கா?” என்றாள்.
இருந்தது. போட்டேன்.
அவள் காதில் இருந்த கவரிங் தோடு
ட்யூப்லைட்டில் மின்னிக்கொண்டே இருந்தது.
அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் போர்வையைத் திருப்பி வைக்கக் கை போனது.
வைக்கவில்லை.

அடுத்த மாதம் ஏழாம் தேதிக்கு மேல்
சீட்டுப் பணம் வைக்கத் திறந்தேன்.
ரசீதுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள்,
புடவை விலைச்சீட்டு அளவுக்கு மடித்தது.
ரெண்டு மாத வட்டி வரவு.
அதே கடை, அதே முத்திரை.
கட்டியவர் பெயர் எழுதும் இடத்திலும்
என் பெயரே.

அன்றைக்கு அவள் படுக்கையை நான் விரித்தேன்.
எலாஸ்டிக் விரிப்பை உறையிலிருந்து உருவி
நாலு பக்கமும் இழுத்துச் செருகினேன்.
ஒரு சுருக்கம் இல்லை.
மேலே நீலக் கட்டத்தை, நாலாக மடித்து,
முதுகு அவள் பார்க்கும் பக்கம் வைத்தேன்.

வந்தாள், விழுந்தாள்.
போர்வையை இழுத்து மூடினாள்.
பத்தே நிமிஷம்.
காலால் உதைத்து
எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.